நீலமேகம் வண்டிக்கு லைட்டு இல்ல

பேரு, ஊரு ரெண்டையும் மாத்தித்தான் சொல்லப் போறேன். எங்க பழவேற்காட்டுல நாலு பேர் உக்காந்தாப் போதும், அது யாரு, எந்தத் தெரு, யாரு மருமவன்னு துருவ ஆரம்பிச்சிடுவாங்க. துருவாதீங்க. அவரு பேரு நீலமேகம்னு வெச்சிக்கிங்க. ஊரு தோணிரேவுனு வெச்சிக்கிங்க. வண்டிக்கு அடிச்ச பெயிண்ட் கூட நெசத்துல நீலம் கெடையாது, ஆனா நீலம்னு தான் சொல்லுவேன். இன்னாத்துக்கு இவ்ளோ உசாருனு கேக்கறவங்க கடைசி வரைக்கும் கேளுங்க, தெரியும்.

என் பேரு அமீர் ஜான். டச்சுக்காரன் கல்லறைக்கு எதிர்ல ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வெச்சிருக்கேன். செல்ஃப் எடுக்கல, ஹாரன் அடிக்கல, டைனமோ சார்ஜ் போடலன்னா என் கிட்ட வருவாங்க. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. வண்டிய நிறுத்தும்போதே "பாய், பேட்டரி போச்சு, வேற போட்டுக் குடு"ன்னு சொல்றவனக் கண்டா எனக்கு ஆவாது. நோவு இன்னான்னு நீயே முடிவு பண்ணிட்டு வந்தா அப்பறம் நான் எதுக்கு, என் மீட்டரு எதுக்கு? திட்டித்தான் அனுப்புவேன். திட்டு வாங்கிட்டு மூஞ்சத் தூக்கிட்டுப் போறவங்க தான் ஜாஸ்தி. நீலமேகம் ஒருத்தரு தான் சிரிப்பாரு.

அவரு மொதல்ல ஏரில வலை விட்டவரு. முகத்துவாரம் மணல் ஏறி அடைஞ்சி, இறா வரத்து கொறைஞ்சி போன காலத்துல படக வித்துட்டு ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினாரு. மீன் பொட்டிய ஐஸ் போட்டு ஏத்திக்கினு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போவாரு. படக வித்தாரே தவிர படகுக்காரன் புத்தி போகல. "பாய், அணியத்துல ஒரு லைட்டு எரியல"ம்பாரு. அணியம்னா படகோட மூக்கு. "யோவ், வண்டிக்கு ஏதுய்யா அணியம், கரையேறி எத்தினி வருஷம் ஆச்சு"ன்னு நான் கத்துவேன். "சரி பாய், மூஞ்சில எரியல"ன்னு திருத்திக்கினு மறுபடியும் சிரிப்பாரு.

ஊரு முழுக்க அந்த வண்டிய சொந்த வண்டி மாதிரி தான் நெனச்சிது. பொண்ணு பாக்கப் போறதுக்கு, சீமந்தத்துக்கு, பஞ்சாயத்துக்கு, பிரசவத்துக்கு, எல்லாத்துக்கும் நீலமேகம் வண்டி தான். வேணாம்னு சொல்ல வராது அவருக்கு. ஒரு தரம் வெள்ளக்காரங்க ஒரு குடும்பம் கல்லறையப் பாத்துட்டு பஸ்ஸ விட்டுட்டு நின்னாங்க. அவங்க முப்பாட்டன் யாரோ இங்க பொதைஞ்சி கெடக்கறானாம். மீன் பொட்டி மேல கோணிய விரிச்சி உக்கார வெச்சி பொன்னேரி ஸ்டேஷன்ல கொண்டு போய் உட்டாரு. "பாவம் பாய், சாவு வூட்டுக்கு வந்தவங்க"ன்னாரு. செத்து முந்நூறு வருஷம் ஆன சாவுக்கு வந்தவங்களுக்கும் பாவம் பாத்த மனுசன் அவரு.

அவரு சம்சாரம் பொன்னியம்மாள் வண்டில முன் சீட்டுலயே தான் குந்தினு வரும். பொன்னேரில அது வியாபாரம் பண்ணும், இவரு பொட்டி எறக்குவாரு. கணக்கெல்லாம் அதோடது. வாயும் அதோடது. மறதி மட்டும் இவரோடது. ரெண்டு மூணு தரம் லைட்ட அணைக்காம எறங்கிப் போயி காலைல வண்டி எடுக்காம என் கடைக்கு ஆள் அனுப்பியிருக்காரு. பொன்னியம்மாள் என் எதிர்லயே கேக்கும், "ஏன் பாய், இந்த ஆளுக்கு ஒரு மணி வெச்சிக் குடுங்களேன், லைட்ட அணைக்கலன்னா தலைல அடிக்கற மாதிரி"ன்னு. நானும் சேர்ந்துக்கினு நல்லாத் திட்டுவேன். ஊர்ல புள்ளைங்க கூட அவரப் பாத்தா "பெரிப்பா, லைட்டு"ன்னு சொல்லிட்டு ஓடுங்க.

ஒரே பொண்ணு, மனோரமா. மீஞ்சூர் பக்கத்துல ஒரு கம்பெனில வேலை. கூட வேலை செய்ற பொண்ணுங்களோட ரூம் எடுத்துத் தங்கியிருந்துச்சி. லீவு கெடச்சா ஓடி வந்துடும். அதுக்கு எல்லாமே நைனா தான். சின்ன வயசுல படகுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அப்பனும் பொண்ணுமா தான் அடிப்பாங்க. படகுக்குப் பெயிண்ட் அடிக்கறதுல ஒரு மொறை கீது. மேலாக்கப் பூசிட்டுப் போறது கெடையாது. இரும்புல இன்னா இன்னா மாட்டியிருக்கோ, பட்டை, கொக்கி, இஞ்சின் தாங்கற சட்டம், எல்லாத்தையும் கழட்டணும். துருவச் சொரண்டணும். அடியிலயும் அடிச்சி, கழட்டினதுக்கு ரெண்டு பக்கமும் அடிச்சி, காய வெச்சி, அப்பறம் தான் திருப்பி மாட்டணும். இரும்பும் இரும்பும் ஒட்ற எடத்துல தான் உப்புத் தண்ணி பூந்துக்கும். அந்த சந்துல பெயிண்ட் இருந்தா உப்பு பூராது. ஏரிக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி இது.

பொங்கலுக்கு லீவுல வந்த பொண்ணு, வண்டிக்கு அடியில துரு ஏறியிருக்கறதப் பாத்துட்டு பொறுக்காம, படகுக்கு அடிக்கற பெயிண்ட்ட வாங்கிட்டு வந்து வண்டிக்கு அடியில பூந்துடுச்சி. லீவு முழுக்க அதே வேலை. ஐஸ் கரைஞ்சி உப்புத் தண்ணி சொட்டிச் சொட்டி வண்டியோட அடிச்சட்டம், அந்த சேசிஸ், சொறி புடிச்சிக் கெடந்தது. அத அந்தப் பொண்ணு புதுசு மாதிரி ஆக்கிடுச்சி. மறுநாளே நீலமேகம் வண்டிய என் கடைக்கு ஓட்டிக்கினு வந்தாரு, ரிப்பேருக்கு இல்ல, காட்றதுக்கு.

"குனிஞ்சி பாரு பாய். ஒரு ஆணி உடல எம் பொண்ணு. கழட்டி, அடிச்சி, மாட்டியிருக்கா. இனிமே பத்து வருஷத்துக்குத் துரு ஏறாது."

குனிஞ்சி பாத்தேன். நல்லாத் தான் இருந்துச்சி, ஒரு எடத்துல கூட வழியல. "உம் பொண்ணுக்குக் கீற பொறுப்புல கால்வாசி உனக்கு இருந்தா லைட்ட அணைச்சிருப்ப"ன்னேன். அதுக்கும் சிரிச்சாரு.

பங்குனி மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை காலைல பொன்னியம்மாளுக்கு நெஞ்சு வலி வந்துச்சி. பாத்திரம் தேய்ச்சிட்டு இருந்ததாம், அப்டியே சாஞ்சிடுச்சாம். மனோரமா அன்னிக்கி லீவுல வூட்ல தான் இருந்துச்சி. ரெண்டு பேருமா தூக்கிட்டு வந்து முன் சீட்டுல, அது எப்பவும் குந்தற எடத்துலயே குந்த வெச்சாங்க. நீலமேகம் சாவி போட்டுத் திருப்பினாரு. டக்குனு ஒரு சத்தம், அவ்ளோ தான். மறுபடியும் திருப்பினாரு. அதுவும் இல்ல.

டீசல் வண்டிய தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். ஆனா அன்னிக்கி ஏரில வலை விடற மொறை அந்த ஊருக்கு. ஆம்பளைங்க எல்லாம் தண்ணில. பொம்பளைங்க தான் ஓடி வந்து தள்ளினாங்க. மணல்ல சக்கரம் பொதைஞ்சிதே தவிர நகரல. பொன்னியம்மாள் உள்ள குந்தினு "உடுங்கடி, தானா செரியாப் பூடும்"னு சொல்லிட்டே இருந்ததாம். அப்பறம் யாரோ போன் போட்டு பழவேற்காட்டுல இருந்து ஒரு ஆட்டோ போச்சு. ஆட்டோ காட்டூர் தாண்டறதுக்குள்ள மனோரமா மடில இருந்த கை தொவண்டு போச்சு. பொன்னேரில பாத்துட்டு, வர்ற வழியிலயே முடிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டாங்க.

அந்த வண்டி நின்ன எடத்துலயே நின்னுச்சி. பக்கத்து வூட்டு குப்பன் ஏரில இருந்து வந்தவன் எட்டிப் பாத்துட்டு, "லைட்டு சுவிட்சு ஆன்ல கீதே"ன்னுட்டான். கெட்ட எண்ணத்துல சொல்லல அவன். ஆனா சொல்லிட்டான். ஊர்ல அத்தினி பேருக்கும் தெரிஞ்ச மறதி ஆச்சே, உடனே ஒட்டிக்கிச்சி. பொணத்த வாசல்ல போட்டிருக்கும்போது மனோரமா எழுந்து வந்து அப்பன் எதிர்ல நின்னு கேட்டுச்சி, நானும் அங்க தான் நின்னுட்டு இருந்தேன்.

"நேத்து சாயங்காலம் லைட்ட அணைச்சியா நைனா?"

அவரு யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு. பேட்டரி கீதா இல்லியான்னு பாக்க அவசரத்துல அவரே அந்த சுவிட்ச போட்டாரா, இல்ல முன்னாடியே போட்டது அப்டியே நின்னுச்சா, அவருக்கு நெனப்பு வரல. பொய் சொல்லத் தெரிஞ்ச ஆளா இருந்தா அணைச்சேம்மான்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு.

"தெரிலம்மா"ன்னாரு.

அதோட செரி. அந்தப் பொண்ணு அவரு கிட்ட பேசறத நிறுத்திடுச்சி. காரியம் முடிஞ்சி மீஞ்சூருக்குப் போச்சு. இவரு போன் போட்டா எடுக்காது. யார் கிட்டயாவது சொல்லி அனுப்பினா, வேலை கீதுன்னு சொல்லி அனுப்பும். என் சம்சாரம் பரக்கத் பீவி ஒரு தரம் மீஞ்சூர் ஸ்டேஷன்ல அதப் பாத்து, "வயசான மனுசன்மா, வந்து பாரு"ன்னு சொல்லியிருக்கா. "அம்மா கைய நான் புடிச்சிட்டு இருந்தேன் மாமி, அவரு இல்ல"ன்னு சொல்லிட்டு ரயில் ஏறிடுச்சாம். பரக்கத் வூட்டுக்கு வந்து அழுதா. எனக்குக் கோவம் தான் வந்துச்சி, ஆனா யார் மேலன்னு தெரியல.

நீலமேகம் என் கடைப் பக்கமே வரல. ஆடி போயி, ஆவணி போயி, மழைக்கு முன்னாடி ஒரு நாள் டிராக்டர்ல கயிறு கட்டி வண்டிய இழுத்துக்கினு வந்து நின்னாரு. ஆள் பாதியாப் போயிருந்தாரு. நான் வண்டியப் பாத்தேன். முன்னாடி ஹெட்லைட் ரெண்டும் ஓட்டையா இருந்துச்சி, பல்பே இல்ல. பின்னாடி போயிப் பாத்தேன், அங்கயும் இல்ல. வண்டி பூரா ஒரு பல்பு கெடையாது.

"போலீஸ்காரன் புடிச்சா இன்னா பண்ணுவ? லைட்டெல்லாம் எங்கய்யா?"

"கழட்டிட்டேன் பாய். காரியம் முடிஞ்ச மறுநாளே கழட்டிட்டேன். இனிமே மறக்க முடியாதுல்ல. பகல்ல மட்டும் தான் ஓட்றேன்."

அப்பறம் தான் அவரு விசயத்துக்கு வந்தாரு. வெளில யார் கிட்டயோ குடுத்து புது பேட்டரி போட்டிருக்காரு. அது கொஞ்ச நாள்ல எறங்கிடுச்சி. பேட்டரி மட்டம்னு சொல்லி வேற மாத்திக் குடுத்திருக்காங்க. அதுவும் எறங்கிடுச்சி. என் கிட்ட மொதல்லயே வர்றதுக்கு இன்னான்னு கேட்டேன். "லைட்டுக்காக எத்தினி வாட்டி திட்டியிருப்ப நீ. எந்த மூஞ்ச வெச்சிக்கினு வர்றது"ன்னாரு.

ஸ்டூல்ல குந்தினாரு. கல்லறை சுவத்தப் பாத்துக்கினே மெதுவாக் கேட்டாரு.

"பாய், வண்டில பல்பே இல்ல. அப்பறம் எப்டி பேட்டரி எறங்குது?"

அவரே தான் மறுபடியும் கேட்டாரு.

"அப்ப அன்னிக்கும் லைட்டால இல்லியா?"

அந்த மனுசன் எத்தினி மாசமா இதத் தனியாவே போட்டுக் கொழப்பிக்கினு கெடந்திருக்காரு பாருங்க. "கண்டுபுடிச்சிச் சொல்லு பாய். நான் தான் அவளக் கொன்னேனா, இல்லியான்னு மட்டும் சொல்லு. இல்லன்னா எம் பொண்ணு எங்கிட்டப் பேசுவா"ன்னாரு. அன்னிக்கி மத்த வண்டியெல்லாம் நாளைக்கி வான்னு தொரத்திட்டு அவரு வண்டில கை வெச்சேன்.

என் பேட்டரியக் கொண்டாந்து ஒயர் குடுத்து ஸ்டார்ட் பண்ணினேன். பழைய டீசல், ஒரு தரம் எடுத்துட்டா அப்பறம் அதுக்குப் பேட்டரி தேவப்படாது, பாட்டுக்கு ஓடும். அதனால தான் வண்டி ஓட ஓட நோவு தெரியறதே இல்ல, நிறுத்தினா தான் தெரியும். பெல்ட்ட அமுக்கிப் பாத்தேன், சரியான இறுக்கம். டைனமோ தலைல மீட்டர வெச்சேன், பதினாலுக்கு மேல காட்டிச்சி. டைனமோவுக்கு ஒண்ணும் இல்ல. அதே மீட்டரப் பேட்டரி மேல வெச்சா பன்னண்டு. அங்க ஆக்கற சோறு இங்க இலைல வந்து விழல. வழில எங்கயோ நிக்குது.

கரண்டு போறதுக்கு ஒரு வழி, திரும்பி வர்றதுக்கு ஒரு வழி. போற வழி ஒயரு. அத மொதல்ல பாத்தேன், சுத்தமா இருந்துச்சி. திரும்பற வழிக்கு ஒயர் கெடையாது, இஞ்சின் இரும்பு, சேசிஸ் இரும்பு, அதுல இருந்து எர்த் ஒயரு வழியா பேட்டரி மைனஸ். மீட்டரோட ஒரு முனைய மைனஸ்லயும் இன்னொரு முனைய டைனமோ ஒடம்புலயும் வெச்சேன். ஒண்ணும் காட்டக் கூடாது அங்க. ரெண்டு வோல்ட் காட்டிச்சி. ஆக்ஸிலேட்டர் கேபிளத் தொட்டுப் பாத்தேன், கை சுட்டுச்சி, மேல் உறை உருகிப் போயிருந்துச்சி. சேசிஸ் வழியா திரும்ப முடியாம கரண்டு அந்தக் கேபிள்ல பூந்து பொழைச்சிருக்கு. கடைசியா மொத்தமான ஒயர் ஒண்ண எடுத்துப் பேட்டரி மைனஸ்ல இருந்து நேரா இஞ்சின்ல குடுத்தேன். இஞ்சின் சத்தம் லேசா எறங்கிச்சி, பாரம் ஏத்தின வண்டி மாதிரி. பேட்டரில மீட்டரு பதினாலுக்கு ஏறிச்சி.

"கெடச்சிடுச்சிண்ணே. எர்த் போச்சு. சார்ஜே ஆவல இத்தினி நாளா"ன்னேன்.

"லைட்டு இல்லியே?"

"அல்லா மேல ஆணையா லைட்டு இல்ல. அன்னிக்கும் இது தான். நீ லைட்டப் போட்டிருந்தாலும் இது தான், போடலன்னாலும் இது தான்."

அவரு அப்டியே ஸ்டூல்ல இருந்து எறங்கித் தரைல குந்திட்டாரு. அழுதாரு, சிரிச்சாரு, ரெண்டும் கலந்து வந்துச்சி. "பொன்னி, கேட்டியா, நான் இல்லியாம்"னு வெறும் காத்துல சொன்னாரு. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சி. அப்பறம் மூக்க சிந்திட்டு, "மனோரமாக்குப் போன் போடு பாய். என் போன எடுக்க மாட்டா. நீ சொன்னா நம்புவா"ன்னாரு.

"இரு, எந்த எடத்துல நோவுன்னு கழட்டிப் பாத்துட்டு முழுசாச் சொல்லிடுவோம்"னேன். பாதி நோவச் சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாது. ஸ்பேனர எடுத்துட்டு அடியில பூந்தேன். அவருக்குப் பொறுக்கல, மேசை மேல இருந்த என் போன எடுத்து அவரே அடிச்சிட்டாரு. அங்க ரிங்கு போயிப் போயி நின்னுச்சி.

எர்த் ஒயர சேசிஸ்ல மாட்டியிருந்த போல்ட்ட லூஸ் பண்ணிக் கழட்டினேன். ஒயர் நுனி வளையம் கைல வந்துச்சி. ரெண்டு பக்கமும் நீலம். அது குந்தியிருந்த சேசிஸ் எடத்துலயும் நீலம். துருவ நல்லா சொரண்டி, ரெண்டு கோட்டு அடிச்சி, காய வெச்சி மாட்டியிருந்தது. ஒரு எடத்துல கூட வழியல.

படகுக்கு அது சரி. எர்த்துக்கு இரும்பும் இரும்பும் நேரா ஒட்டணும், நடுவுல பெயிண்ட் இருந்தா கரண்டு தாண்டாது. மாட்டின புதுசுல போல்ட்டு மரை வழியா கொஞ்சம் போயிருக்கும். அந்த மரையிலயும் உப்பு ஏற ஏற அதுவும் கொறைஞ்சி, பங்குனிக்குள்ள சுத்தமா நின்னிருக்கும்.

நீலமேகம் பக்கத்துல குத்துக்கால் போட்டு உள்ள எட்டிப் பாத்துட்டு இருந்தாரு. நான் வளையத்த உள்ளங்கைல மூடிக்கினேன். ஆனா அவரு பாத்துட்டாரு.

"அந்த நீலத்தாலயா பாய்?"

மூடின கைய விரிச்சிக் காட்டினேன்.

அவரு கைல இருந்த போன் அடிச்சிது. மனோரமா தான் திருப்பிக் கூப்புடுது. நான் அடியில இருந்து வெளில வந்து போன வாங்கிக் காதுல வெச்சேன். "சொல்லுங்க மாமா, ரிங்கு குடுத்தீங்களா, இன்னா விசயம்?"ன்னு கேட்டுச்சி அந்தப் பொண்ணு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீலமேகம் என் மணிக்கட்டப் புடிச்சிட்டாரு. தலைய ஆட்டினாரு, வேணாம் வேணாம்னு. புடி அப்டி ஒரு புடி.

"ஒண்ணுமில்லம்மா. கை பட்டு கால் போயிடுச்சி. நல்லாக் கீறியா?"ன்னேன்.

"கீறேன் மாமா"ன்னு வெச்சிடுச்சி.

அப்பறம் எங்க ரெண்டு பேருக்கும் பெரிய வாக்குவாதம். நான் விடல. "அந்தப் பொண்ணு தெரிஞ்சா பண்ணிச்சி? நல்லதுன்னு நெனச்சி தான பண்ணிச்சி? பக்குவமாச் சொன்னாப் புரிஞ்சிக்கும். இல்லாத பழிய நீ எதுக்குச் செமக்கற"ன்னு கத்தினேன். அவரு கத்தல.

"அவ அம்மா கைய மடில வெச்சிக்கினு வந்தவ பாய். அம்மாவக் கொன்னது தன் கைதான்னு தெரிஞ்சா அவ இருக்க மாட்டா. எனக்கு இன்னா, பழகிடுச்சி. நான் தான் லைட்ட அணைக்கல. அப்டியே இருக்கட்டும்."

"அவ உங்கிட்டப் பேச மாட்டாய்யா. சாவற வரைக்கும் பேச மாட்டா."

"இருக்கட்டும். உசுரோட கீறாளே."

பெயிண்ட்ட சொரண்டி, இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் உப்புக் காகிதம் போட்டுத் தேய்ச்சி, ஒயர மாட்டி இறுக்கினேன். சார்ஜ் ஒழுங்கா ஏறிச்சி. ஹெட்லைட்டுக்குப் பல்பு எடுத்து வெச்சேன். வேணாம்னுட்டாரு. "பல்பு இருந்தா, எந்த தைரியத்துல போட்டன்னு கேப்பா. இல்லாமயே இருக்கட்டும்." மறுநாள் ஒரு டப்பாவத் தூக்கிக்கினு வந்தாரு. பொண்ணு அடிச்சது போக மீந்த பெயிண்ட். சொரண்டின எடம் பளிச்சினு தெரிஞ்சிதாம், பொண்ணு என்னிக்காவது குனிஞ்சி பாத்தா கண்டுக்குவாளாம். இறுக்கின போல்ட்டு மேல, சுத்தி தேய்ச்ச எடத்துல, அவரே குப்புறப் படுத்து பூசினாரு. மேல பூசறதுல தப்பு இல்ல, உள்ள இரும்பு ஒட்டிடுச்சி. ஆனா ரெண்டு எடத்துல வழிஞ்சிடுச்சி. அத விரலாலயே தொடச்சித் தொடச்சி சரி பண்ணினாரு. நான் கடைக்குள்ள போயி உக்காந்துட்டேன், பாக்க முடியல.

அன்னிக்கி வூட்ல சோறு எறங்கல. பரக்கத் கேட்டா, இன்னா ஆச்சுன்னு. வண்டில எர்த்து போச்சுன்னேன். அதுக்கா இப்டி உக்காந்திருக்கீங்கன்னா. ஆமான்னேன்.

மறு பங்குனில பொன்னியம்மாளுக்கு வருஷ சாமி கும்பிட்டாங்க. நீலமேகம் முந்தின நாளே வந்து, "நீ கூட இரு பாய். அவ வர்றா. நான் ஒளறிட்டாலும் ஒளறிடுவேன்"ன்னு சொல்லிட்டுப் போனாரு. போனேன். மனோரமா வந்திருந்துச்சி, எளைச்சிப் போயிருந்துச்சி. படையல் போட்டாங்க, பொன்னியம்மாளுக்குப் புடிச்ச மடவை மீன் கொழம்பு வெச்சாங்க. அப்பன் பக்கம் அது திரும்பவே இல்ல. எல்லாம் முடிஞ்சி பையத் தூக்கிக்கினு கெளம்பின பொண்ணு, வாசல்ல நின்ன வண்டிக் கிட்ட போனதும் நின்னுச்சி. குனிஞ்சி அடியில பாத்துச்சி.

"நான் அடிச்ச பெயிண்ட் இன்னும் போகல"ன்னுச்சி, யார் கிட்டன்னு இல்லாம.

"நீ அடிச்சதாச்சேம்மா. ஒரு எடத்துல துரு ஏறல"ன்னாரு நீலமேகம்.

அது நிமுந்து முன் பக்கம் வந்துச்சி. லைட்டு இருக்க வேண்டிய ரெண்டு ஓட்டையையும் பாத்துச்சி. அப்பறம் என்னப் பாத்துக் கேட்டுச்சி, "மாமா, நீங்க தான வண்டியப் பாத்தீங்க. அன்னிக்கி லைட்டால தான?"

நீலமேகம் என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னாரு. முப்பது வருஷமா வண்டி நோவுல ஒருத்தன் கிட்ட நான் பொய் சொன்னது கெடையாது.

"ஆமாம்மா. லைட்டால தான்"ன்னேன்.

மனோரமா அப்பன் பக்கம் திரும்புச்சி. கண்ணுல தண்ணி ஓடுது அதுக்கு. "லைட்ட முன்னாடியே கழட்டிப் போட்டிருக்கலாமே நைனா"ன்னுச்சி.

"ஆமாம்மா. கழட்டியிருக்கலாம்"ன்னாரு.

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அது நடக்க ஆரம்பிச்சிடுச்சி. திரும்பிப் பாக்கல. தெருக்கோடி தாண்டற வரைக்கும் அவரு வண்டி மேல கைய வெச்சிக்கினு நின்னாரு. நான் அவரு தோளத் தொட்டேன். என்னப் பாத்து சிரிச்சாரு, ஒரு வருஷத்துக்கு அப்பறம் அன்னிக்கி தான் பாத்தேன் அந்த சிரிப்ப.

"கேட்டியா பாய், நைனான்னு கூப்ட்டா"ன்னாரு.